நான் தைத்த முழங்கால் பட்டை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை மூவரும் நன்றாக இருக்கிறோம். நீ சுகமா என்று எப்போதும் மொத்தமாகக் கேட்பேன், இந்த முறை உன் வலது முழங்கால் சுகமா என்று தனியாகக் கேட்கிறேன். இதென்ன புதுக் கேள்வி என்று புருவத்தைத் தூக்காதே, கடிதம் முழுக்க அதற்கான காரணம்தான். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ ‘அதெல்லாம் பழைய கதைம்மா, விடு’ என்று பேச்சை மாற்றிவிடுவாய், உன் அப்பாவும் பின்னால் நின்றுகொண்டு நாலு வார்த்தை சேர்ப்பார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். தொழிற்சாலையில் மதிய இடைவேளையில், துணி வெட்டும் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன், காகிதத்தில் நூல் பிசிறு ஒட்டியிருந்தால் உதறிவிட்டுப் படி.

நீ தங்கைக்கு அனுப்பிய ஷூ வந்து சேர்ந்தது. ஒரு அளவு பெரிது, இரண்டு காலுறை போட்டுச் சமாளிக்கிறாள், ஆனால் அண்ணன் அனுப்பியது என்று வகுப்பில் ஒருத்தி விடாமல் காட்டியாகிவிட்டது. அப்பாவுக்குப் பம்ப் பழுது பார்க்கும் வேலை நிறைய வருகிறது, முதுகு வலிக்கிறது என்பார், யாராவது கூப்பிட்டால் வலி எங்கே போகிறது என்று தெரியாது, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். எனக்கு அதே வேலைதான், சட்டையைத் திருப்பிப் போட்டுத் தையல் பார்ப்பது. இந்த மாதம் நான் திருப்பி அனுப்பிய சட்டைகளைப் பார்த்து மேற்பார்வையாளர், உங்க கண்ணுக்கு ஒரு நாள் லீவு குடுங்கம்மா என்று கும்பிடாத குறை. இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடித்தே பழகிவிட்டது, இப்போது சொல்லப்போகிற விஷயத்துக்கும் அதுதான் ஆரம்பம்.

உன் தங்கை நீ ஆடிய அதே கிளப்பில் கூடைப்பந்து ஆடுகிறாள் என்பது உனக்குத் தெரியும். உன் காலத்து விசில் மாஸ்டர் போன வருஷம் வேலையை விட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் இடத்துக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள், முப்பது வயதுகூட இருக்காது, பகலில் மருந்துக்கடையில் வேலை, சாயங்காலம் கோர்ட்டில் பிள்ளைகளோடு. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேர் நில்லு அக்கா. வாயைத் திறந்தால் ‘நில்லு’தான். முதல் மாதம் முழுக்க ஒரு பிள்ளைக்கும் கூடையில் பந்து போடச் சொல்லித்தரவில்லை, ஓடி வந்து நிற்கச் சொல்லித்தந்தாள். வேகம் அப்புறம் வரும், மொதல்ல நிக்கக் கத்துக்கோ என்பாள். அதைவிடக் கூத்து என்னவென்றால், ஒவ்வொரு நாளும் ஆட்டம் தொடங்கும் முன் ஒரு மரப்பெட்டியின் மேல் ஒவ்வொருத்தியாக ஏறிக் கீழே குதிக்க வேண்டும், இவள் முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நிற்பாள். பார்க்கவே மாட்டாள். சரி, அடுத்தவ வா என்பாள். பெற்றவர்கள் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். ஆணி, பூட்டு விற்கிற கடைக்காரர் இருக்கிறாரே, அவர் பெண்ணும் இந்த டீமில்தான், ‘பந்து போடக் கத்துக்குடுன்னா காதால ஆட்டம் பாக்குது’ என்று சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

எங்களுக்கும் ஒரு சட்டம் போட்டாள். கோர்ட்டுக்கு வெளியே ஒரு கயிறு கட்டி, பெத்தவங்க எல்லாம் இதுக்குப் பின்னால, கை தட்டலாம், பேர் சொல்லிக் கூப்பிடலாம், சொல்லிக்குடுக்க மட்டும் கூடாது என்றாள். உன் அப்பாவால் அது முடிகிற காரியமா. இரண்டாவது ஆட்டத்திலேயே கயிற்றோடு சேர்ந்து முன்னால் போய் ‘பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு’ என்று கத்தினார். அவள் பக்கத்தில் வந்து, குரலைக்கூட உயர்த்தாமல், ‘நீங்க ஆடுறீங்களா, உங்க பொண்ணு ஆடுதா’ என்று கேட்டாள். அன்றிலிருந்து மனுஷன் வாயில் மிட்டாயை அடக்கிக்கொண்டுதான் ஆட்டம் பார்க்கிறார். எனக்கு உள்ளூரக் கோபம். விசில் மாஸ்டர் இருந்தபோது கிளப்பே அதிரும், கோப்பை மேல் கோப்பை வந்தது, இவள் வந்தபிறகு ஒன்பது ஆட்டத்தில் ஆறு தோல்வி. நன்றாக ஆடுகிறவள், ஆடாதவள் என்று பார்க்காமல் எல்லோரையும் இறக்குவாள். இடைவேளையில் திட்டமாட்டாள், முட்டி போட்டு உட்கார்ந்து ‘என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க’ என்று பிள்ளைகளிடம் கேட்பாள். தெரிந்தவள் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதானே, இதென்ன பிள்ளைகளைக் கேட்பது என்று வீட்டில் வந்து கரித்துக் கொட்டுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் தேர்வு ஆட்டம் வந்தது. பெரிய அணிக்குப் பிள்ளைகளைப் பொறுக்க வெளியிலிருந்து மூன்று பேர் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள், நீ பதினைந்து வயதில் ஆடினாயே அதே மாதிரி. உன் தங்கை ஒரு மாதமாக அதைப் பற்றியே பேசினாள். நான் அரை நாள் லீவு போட்டுப் போனேன். முதல் கால் ஆட்டம் முடிந்தது, உன் தங்கை பெஞ்சில் இருக்கிறாள். அடுத்த கால் ஆட்டமும் முடிந்தது, பெஞ்சில். கடைசிவரை ஒரு நிமிஷம்கூட இறக்கவில்லை. அந்த மூன்று பேரும் எழுதி முடித்து எழுந்து போனார்கள், இவள் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கண் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நானே கிளப் செயற்குழுவுக்கு ஒரு மனு எழுதினேன், இந்தப் பயிற்சியாளருக்குத் தகுதி இல்லை, உடனே மாற்ற வேண்டும் என்று. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று ஊரே சொல்லுமே, அந்த அழகான கையெழுத்தில் ஒன்றரைப் பக்கம். ஆணிக்கடைக்காரர் வீடு வீடாகப் போய் பதினேழு பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்.

மனுவைக் கொடுக்கும் முன் அவள் முகத்துக்கு நேராக நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு. பின்னால் பேசுகிறவள் என்று யாரும் சொல்லக்கூடாது பார். வியாழக்கிழமை வேலை முடிந்து நேராகக் கோர்ட்டுக்குப் போனேன். பிள்ளைகள் பெட்டியிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் போன வேகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. ‘அம்மா, திட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் எனக்காக ஒண்ணு செய்யுங்க, கோர்ட்டுக்கு முதுகு காட்டி நில்லுங்க, சத்தத்தை மட்டும் கேளுங்க’ என்றாள். எனக்கு எரிச்சல்தான், ஆனாலும் நின்றேன். ஒருத்தி குதித்தாள், தொப். அடுத்தவள், தொப். அடுத்தவள், தொப். அதற்கடுத்து ஒரு சத்தம் வந்தது கண்ணு, தொ-தொப். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் ஹாலில் அறுபது தையல் மெஷின் ஓடும்போது ஒன்று தையல் விட்டால் திரும்பிப் பார்க்காமலே எது என்று சொல்கிறவள் நான். ஒரு கால் முன்னால் இறங்குகிறது, இன்னொரு கால் பயந்து பயந்து பின்னால் வருகிறது. திரும்பிப் பார்த்தால் உன் தங்கை நிற்கிறாள்.

நில்லு அக்கா தன் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து என் கையில் வைத்தாள். நான் உனக்குத் தைத்த முழங்கால் பட்டை. தொழிற்சாலையில் மிஞ்சிய எலாஸ்டிக்கில், இரட்டைத் தையல் போட்டு, ஓரம் உறுத்தாமல் மடித்து. பழைய அலமாரியிலிருந்து உன் தங்கை அதை எடுத்து, நீளக் கால்சட்டைக்குள் யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டு ஆறு வாரமாக ஆடியிருக்கிறாள். தேர்வு ஆட்டத்தன்று காலையில்தான் நில்லு அக்கா அதைக் கண்டுபிடித்துக் கழற்றி வாங்கியிருக்கிறாள். ‘யார் தெச்சதும்மா இது, ரொம்ப நல்ல தையல், ஆனா இது வலியை ஆத்தாது, மறைச்சுதான் வைக்கும்’ என்றாள். இவள் கால் சரியாக இறங்கவில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்று அதற்கு முன்பே எனக்குச் சீட்டு எழுதி இரண்டு முறை கொடுத்தனுப்பினாளாம், உன் தங்கை இரண்டையும் ஷூவுக்குள் மடித்து வைத்துவிட்டாள், நீ அனுப்பிய ஷூ பெரிதாக இருந்தது எதற்கெல்லாம் உதவியிருக்கிறது பார். ‘பதில் வரலன்னதும் நானே வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கணும், அது என் தப்புதான், மன்னிச்சுக்குங்க’ என்றாள் அந்தப் பெண். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்ற கால்கள், கையில் ஒரு பழைய பந்து, என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்கிறாள். என் கைப்பையில் அவளை விரட்டச் சொல்லி நான் எழுதிய மனு.

இதுவரை எழுதியது சுலபம். இனிமேல்தான் கஷ்டம். அந்தச் சத்தம் எனக்குப் புதிதில்லை கண்ணு. உனக்கு இறுதி ஆட்டம் நடப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நீ பயிற்சி முடிந்து மாடிப்படி ஏறி வரும்போது அதே சத்தம் கேட்டது. நம் வீட்டுக்கு இருபத்தாறு படி, நீ வழக்கமாக இரண்டு இரண்டாகத் தாவி வருவாய், கதவைத் திறப்பதற்குள் உள்ளே நிற்பாய். அந்த வாரம் ஒவ்வொரு படியாக ஏறினாய், ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் என் இருபத்திரண்டு வருஷ வேலை பொய். ஆனால் விசில் மாஸ்டர் அன்று என்னைத் தெருவில் நிறுத்தி, உங்க பையன் இல்லாம இந்தக் கோப்பை இல்லம்மா என்று சொல்லியிருந்தார், அந்த வார்த்தை என் காதை அடைத்துவிட்டது. வலி இருக்கா என்று கேட்காமல் பட்டை தைத்துக் கொடுத்தேன். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன், அவர் விசில் ஊதினார், நான்தான் அந்த விசிலுக்குத் தோதாகப் பட்டை தைத்தவள். அந்த ஆட்டத்துக்குப் பிறகு நீ பந்தைத் தொடவில்லை. உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார், நீயோ ‘படிக்கணும்மா, விளையாட்டு போதும்’ என்றாய், எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று சொந்தமெல்லாம் உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது, நானும் சேர்ந்து ஆடினேன்.

அந்த மனுவுக்காகவே ஞாயிற்றுக்கிழமை காலை கிளப் அறையில் கூட்டம். அங்கே கண்ணாடி அலமாரியில் உன் டீமின் போட்டோ இருக்கிறதே, கோப்பையோடு. வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அதில் என் மகன் இவன் என்று காட்டியிருக்கிறேன். அன்றுதான் சட்டையைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் பக்கத்தில் இருப்பவன் தோளில் கை போட்டிருக்கிறார்கள். நீ மட்டும் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். விரல் நகம் வெளுத்திருக்கிறது. பதினொரு வருஷமாக அந்தப் போட்டோவைப் பார்க்கிறேன், இது எனக்குத் தெரியவில்லை. செயற்குழுத் தலைவர் மனுவை வாசிக்கச் சொன்னார். நான் எழுந்தேன். எப்படிப் பேசினேன் என்று கேட்காதே, எல்லாவற்றையும் சொன்னேன், பெட்டிச் சத்தம், படிச் சத்தம், பட்டை, போட்டோ. உன் கதையை உன்னைக் கேட்காமல் பதினேழு குடும்பத்துக்கு நடுவில் சொல்லிவிட்டேன். ஆணிக்கடைக்காரர் எழுந்து, ‘ஏம்மா, இந்த மனுவை நீங்கதானே எழுதினீங்க’ என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ‘ஆமா, எழுதின கைதான் இப்ப கிழிக்குது’ என்று சொல்லிக் கிழித்தேன். மூக்குடைபட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று நினைக்காதே, சிலர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். ஆனால் அவளை இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொள்வது என்று முடிவானது. ஆணிக்கடைக்காரர் போகும்போது மெல்ல என் பக்கத்தில் வந்து, எம் பொண்ணு எறங்குறது எப்படிக் கேக்குது, கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா என்றார். கேட்டேன். அந்தப் பிள்ளை நன்றாகத்தான் இறங்குகிறது, ஒரே தொப், சொன்னதும் மனுஷன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

உன் தங்கையை டாக்டரிடம் காட்டினோம். வளர்கிற வயதில் எலும்பு நீளுகிற வேகத்துக்குத் தசை நீளுவதில்லையாம், முழங்காலுக்குக் கீழே இழுக்கிறதாம், இப்போதே தெரிந்தது நல்லது, ஓய்வும் பயிற்சியும் போதும் என்றார். உனக்கு ஆனது போல ஆகவில்லை. இந்த வரியை எழுதும்போது எனக்கு நிம்மதியும் வெட்கமும் ஒன்றாக வருகிறது. அவள் என்னோடு நாலு நாள் பேசவில்லை, அக்காவோடு ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் நில்லு அக்கா அவள் கையில் ஸ்கோர் தாளைக் கொடுத்து, கால் ஆறுற வரைக்கும் கண்ணால ஆடு என்று உட்கார வைத்தாள். இப்போது வீட்டுக்கு வந்து யார் எங்கே நிற்கத் தவறினாள், எந்த பாஸ் ஒரு நொடி முன்னால் போயிருக்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் எடுக்கிறாள், அப்பா மிட்டாயை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டுகிறார். அடுத்த தேர்வு ஆட்டம் அடுத்த வருஷம்தான். இருக்கட்டும், கால் இருந்தால் வருஷம் வரும். நல்ல பயிற்சி என்றால் கோப்பை என்று இருந்தவள் நான். இப்போது எனக்கு ஒன்று தெரிகிறது, கயிற்றுக்குப் பின்னால் நிற்கிற தாய்க்கே இல்லாத பொறுமை ஒரு அயல் பெண்ணுக்கு என் பிள்ளை மேல் இருந்தது. அவள் தோற்ற ஆறு ஆட்டத்துக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். நேரில் சொன்னேன், அவளுக்குக் கூச்சமாகிவிட்டது, ‘பெட்டியோட கால் ஆடுது, அப்பாகிட்ட சொல்லி ஒரு ஆணி அடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க’ என்று பேச்சை மாற்றினாள். அப்பா நாலு ஆணி அடித்துக் கொடுத்திருக்கிறார்.

உனக்கும் நன்றி சொல்ல வேண்டும் கண்ணு. ஒரு நாளும் நீ என்னைக் குத்திக்காட்டவில்லை. போய்ச் சேர்ந்த ஊரிலிருந்து தங்கைக்கு ஷூ அனுப்பும்போதுகூட அந்தப் பழைய வலி ஒரு வரியில் தலை காட்டவில்லை. அந்த நல்ல மனசு உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, என்னிடமிருந்து இல்லை. அதற்காக எல்லாவற்றையும் உனக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதே, கோபம் இருந்தால் எழுது, நான் ஒவ்வொரு வரியையும் படிப்பேன், பதிலுக்கு நியாயம் பேச மாட்டேன்.

வேலை வேலை என்று பசியைத் தள்ளிப்போடாதே, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. அங்கே ஒரு நல்ல டாக்டரிடம் அந்த முழங்காலைக் காட்டு, ஒண்ணுமில்லம்மா என்று எழுதினால் நம்ப மாட்டேன், டாக்டர் சொன்னதை எழுது. லீவு கிடைத்து வரும்போது கீழே நின்று போன் பண்ணாதே, படியேறி வா, மெதுவாக வந்தாலும் பரவாயில்லை, நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன், இந்த முறை கதவைத் திறந்துகொண்டு பாதிப் படிக்கு இறங்கி வருவேன். நோய் நொடி இல்லாமல், மனசு நிறைய, நீண்ட காலம் நன்றாக இருக்க அப்பாவும் நானும் உன்னை வாழ்த்துகிறோம்.

ஒன்று மட்டும் பாக்கி. இறுதி ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நாளைக்கு நான் ஆடணுமாம்மா என்று கேட்டாய். ஒரு நாள்தானே, பல்லைக் கடிச்சுக்கோ என்றேன். நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. அந்தக் கேள்விக்கு இன்றைக்குப் பதில் எழுதுகிறேன். வேண்டாம் கண்ணு. நாளைக்கு நீ ஆட வேண்டாம். மாஸ்டர்கிட்ட அம்மா போய்ச் சொல்லிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா